இண்டி 500 ஜெயிச்ச ஆளுக்கு நாஸ்கார் ஓவல் ஏன் கைகூடல? மோன்டோயா விஷயம் புரியவே மாட்டேங்குது

ஹேர்பின்_ஹரி:

மக்களே, ரொம்ப நாளா மண்டைய குடையுற கேள்வி, தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்குங்க. நான் எஃப்1 பாக்க ஆரம்பிச்சதே 2001ல, பிரேசில்ல சேஃப்டி கார் உள்ள போன உடனே முதல் வளைவுலயே ஷூமேக்கர ஓரங்கட்டிட்டு போனாரே மோன்டோயா, அன்னைலேர்ந்து நான் அவரு கட்சி. 1999ல கார்ட்ங்குற அமெரிக்க ஃபார்முலா கார் தொடர்ல சாம்பியன், 2000ல அமெரிக்காவோட பெரிய ஓவல் ரேஸான இண்டி 500, எஃப்1ல மொனாக்கோ 2003 எல்லாம் சேத்து 7 வெற்றி. 2006 நடுவுல மெக்லாரன் எஃப்1 டீம விட்டுட்டு, அமெரிக்க ஸ்டாக் கார் (வெளிய பாத்தா சாதாரண கார் மாதிரி இருக்குற ரேஸ் கார்) தொடரான நாஸ்கார் போறேன்னு கிளம்பிட்டாரு, அப்பவே எனக்கு பாதி உசுரு போச்சு, அது வேற கதை.

சரி, அங்க போயி 2007லேர்ந்து 2013 வரைக்கும் 7 முழு சீசன் ஓட்டுறாரு. நாஸ்காரோட உச்ச தொடரான கப் சீரிஸ்ல ஜெயிச்சது ரெண்டே ரேஸ். 2007 சொனோமா, 2010 வாட்கின்ஸ் க்ளென். ரெண்டுமே ஓவல் (இடது பக்கமாவே சுத்துற முட்டை வடிவ ட்ராக்) இல்ல, ரெண்டு பக்கமும் திரும்புற ரோட் கோர்ஸ். ஓவல்ல ஒண்ணு கூட கிடையாது. ஓவல் தெரியாத ஆளுன்னு விட்டுரலாம்னா, திரும்ப இண்டிகாருக்கு (இண்டி 500 இருக்குற ஃபார்முலா கார் தொடர்) வந்த முதல் வருஷமே 2014ல போகோனோ ஓவல்ல ஜெயிக்கிறாரு, 2015ல இண்டி 500ஐ ரெண்டாவது தடவையும் தூக்குறாரு. அதே மனுஷன், அதே இடது பக்க வளைவு. அப்போ நடுவுல அந்த 7 வருஷம் என்னதான் ஆச்சு?

அவரு மட்டும் இல்ல. ஃப்ராங்கிட்டி 2007ல இண்டி 500, சாம்பியன்ஷிப் ரெண்டையும் ஜெயிச்சுட்டு 2008ல நாஸ்கார் போனாரு, அரை சீசன் கூட தாங்கல. ஹார்னிஷ் மூணு தடவை ஐஆர்எல் (இண்டிகாரோட பழைய பேரு) சாம்பியன், கப்ல ஒரு வெற்றி கிடையாது. டானிகா பாட்ரிக் 2013 டேடோனா 500க்கு போல் (முதல் இடத்துலேர்ந்து கிளம்புற வாய்ப்பு) எடுத்தாங்க, ஆனா அஞ்சு முழு சீசன்ல சிறந்த முடிவு அட்லாண்டால 6வது இடம். என் ஃப்ரெண்டு ஒருத்தன் "இடது பக்கமா திரும்பிக்கிட்டே இருக்குறதுல என்னடா இருக்கு"ன்னு கேலி பண்றான், அவனுக்கு பதில் சொல்லவாவது ஏதாவது குடுங்க.


நாலாவது_வளைவு:

உங்க ஃப்ரெண்டுக்கு ஒண்ணும் சொல்ல வேணாம், ஒரு சிமுலேட்டர்ல உக்கார வெச்சு மார்ட்டின்ஸ்வில் ட்ராக்குல ஸ்டாக் கார குடுத்து 50 லேப் ஓட்ட சொல்லுங்க, அப்புறம் வாயே தொறக்க மாட்டான். நான் அப்படித்தான் அடங்குனேன்.

நான் ரெண்டு மூணு வருஷமா ஃபார்முலா கார்தான் ஓட்டிட்டு இருந்தேன். மார்ட்டின்ஸ்வில் அரை மைலுக்கு கொஞ்சம் மேல, பேப்பர் கிளிப் மாதிரி ரெண்டு நீள நேர்கோடு ரெண்டு கொண்டை ஊசி வளைவு, அவ்ளோதான். வளைவு கான்க்ரீட், நேர்கோடு தார். முதல் 10 லேப் எல்லாரையும் விட நான்தான் வேகம், மனசுக்குள்ள பெரிய ஆளுன்னு நெனப்பு. ஃபார்முலா கார் பழக்கத்துல லேட்டா பிரேக் புடிச்சு, முக்க சடார்னு உள்ள திருப்பி, உடனே ஆக்ஸிலரேட்டர மிதிக்கிறேன். 20வது லேப்ல பின் டயர் சூடேறி வழுக்க ஆரம்பிக்குது. 35வது லேப்ல வெளிய வரும்போது பின்பக்கம் கழண்டுகிட்டு போற மாதிரி ஆட்டம். 40ல என்ன விட அரை செகண்ட் மெதுவா இருந்தவங்கல்லாம் வரிசையா உள்பக்கமா நுழைஞ்சு போறாங்க, யாரும் அவசரப்படல, ஒருத்தர் மட்டும் பம்பர்ல லேசா ஒரு தட்டு தட்டி என்ன வெளிய நகத்திட்டு போனாரு, அங்க அது மரியாதை குறைவு கூட கிடையாது.

விஷயம் என்னன்னா, ஓபன் வீல் கார், அதாவது சக்கரம் வெளிய தெரியுற ஃபார்முலா கார், நீங்க வேகமா போகப் போக தரையோட ஒட்டும். விங், கார் அடிப்பக்கம் எல்லாம் சேந்து அழுத்துது. அதனால அந்த ஓட்டுனரோட உடம்பு சின்ன வயசுலேர்ந்து ஒண்ணே ஒண்ணுதான் கத்துகிட்டு இருக்கு, பயப்படாம வேகத்தோட உள்ள போ, கார் புடிச்சுக்கும். ஸ்டாக் கார்ல அதே நம்பிக்கைய வெச்சா நேரா சுவருதான். மோன்டோயா ஓட்டுன எஃப்1 கார் ஓட்டுனரோட சேத்து 600 கிலோ சொச்சம், நாஸ்கார்ல ஏறுனது ஒன்றரை டன்னுக்கு மேல, 800 குதிரை சக்தி தாண்டுன வி8, இரும்பு பிரேக், பின்னாடி லாரிக்கு இருக்குற மாதிரி ஒரே தண்டா ஆக்ஸில், டயர் அகலமோ ரொம்ப கம்மி. எடைக்கும் சக்திக்கும் டயருக்கும் பொருத்தமே இல்ல. அந்த கார் வளைவுல எப்பவுமே கொஞ்சம் சறுக்கிட்டே, உடம்ப சாச்சுகிட்டே தான் போகும், அது தப்பு இல்ல, அதான் அதோட நடை. ஃபார்முலா ஆளுக்கு சறுக்குனாலே "போச்சு, டைம் போச்சு"ன்னு கை தானா திருத்த போயிரும்.

இப்போ உங்க முக்கிய கேள்வி, இண்டி 500ம் ஓவல்தானேன்னு. ஓவல்னு பேரு ஒண்ணு, உள்ள சங்கதி வேற வேற. இண்டியானாபொலிஸ் வளைவு சாய்வு 9 டிகிரி சொச்சம்தான். இண்டிகார்ல தகுதிச்சுற்றுல அத ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலையே எடுக்காம சுத்துவாங்க. அதே வளைவுல ஸ்டாக் கார்ல கால எடுக்கணும், பிரேக் புடிக்கணும், கார் நடுவுல உருளுற வரைக்கும் காத்திருக்கணும், திரும்ப மெதுவா மிதிக்கணும். ட்ராக் ஒண்ணுதான், பரிட்சை வேற. ஒன்னுல தைரியத்துக்கு மார்க், இன்னொன்னுல பொறுமைக்கு.

டார்லிங்டன்ல வலது பக்கத்த சுவத்துல உரசி பெயின்ட் போனா அத பெருமையா "டார்லிங்டன் ஸ்ட்ரைப்"னு சொல்லுவாங்க. இண்டிகார்ல சுவத்த அப்படி தொட்டா சஸ்பென்ஷன் கையோட வந்துரும். எவ்ளோ வருஷ பழக்கத்த மறக்கணும்னு யோசிச்சு பாருங்க.


ஸ்கேனர்_சேகர்:

நாலாவது வளைவு சொன்னது ஓட்டுற பக்கம். நான் கேக்குற பக்கம் சொல்றேன். வேலைக்காக சார்லட்ல கொஞ்ச வருஷம் இருந்தேன், அங்க நடக்குற கோகோ கோலா 600க்கு ரெண்டு தடவை போயிருக்கேன். 600 மைல், 400 லேப். வாசல்ல ஸ்கேனர் வாடகைக்கு தருவாங்க, ஹெட்ஃபோன மாட்டிகிட்டா எந்த ஓட்டுனரோட ரேடியோவ வேணாலும் கேக்கலாம். எனக்கு ரேஸ விட அதுதான் புடிச்சுது, பக்கத்துல உக்காந்திருந்த தாத்தா ஒருத்தர் ரேஸ் முழுக்க கண்ண மூடி கேட்டுகிட்டே இருந்தாரு, முதல்ல தூங்குறாருன்னு நெனச்சேன்.

சாயங்காலம் வெயில்ல ஆரம்பிக்கும், ராத்திரி விளக்கு வெளிச்சத்துல முடியும். ட்ராக் சூடா இருக்கும்போது ஒருத்தரு "உள்ள போறப்ப லூஸ், நடுவுல டைட், வெளிய வர்றப்ப திரும்பவும் லூஸ்"ன்னாரு. லூஸ்னா பின்பக்கம் நழுவுது, டைட்னா முன்பக்கம் திரும்ப மாட்டேங்குது. ஒரே வளைவுக்குள்ள மூணு நோய்! க்ரூ சீஃப் (பிட்ல டீம வழிநடத்துறவரு) ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, அடுத்த பிட்ல வலது பின் டயர்ல காத்து அரை பவுண்டு கம்மி பண்றோம், ஒரு ரவுண்டு வெட்ஜ் போடுறோம்னாரு. வெட்ஜ்னா, பின் கண்ணாடில ஓட்டை இருக்கும், அதுல நீளமான ரென்ச்ச விட்டு ஒரு சுத்து சுத்துனா மூலைக்கு மூலை எடை மாறும். அடுத்த 20 லேப் மனுஷன் அமைதி. இருட்டுன உடனே ட்ராக் குளிர்ந்துருச்சு, அதே கார் நேர்மாறா டைட் ஆயிருச்சு, திரும்ப பொலம்பல்.

நான் என்ன சொல்ல வரேன்னா, அந்த ஓட்டுனரு வேகமா ஓட்டுனதுனால மேல வரல, கார் என்ன பண்ணுதுன்னு சரியா சொல்லத் தெரிஞ்சதுனால மேல வந்தாரு. எஃப்1ல சென்சார் டேட்டா பிட்ல கொட்டிகிட்டே இருக்கும், இன்ஜினியருக்கு ஓட்டுனர் சொல்லாமலே பாதி தெரிஞ்சிரும். மோன்டோயா போன காலத்துல நாஸ்கார் ரேஸ்ல அந்த மாதிரி டெலிமெட்ரி கிடையாது. ஓட்டுனர் முதுகும் உக்கார்ற இடமும்தான் சென்சார். 600 மைல் ரேஸ்ல ராத்திரி 10 மணிக்கு ட்ராக் எப்படி மாறும்னு சாயங்காலமே கணக்கு போட்டு, இப்போ கார கொஞ்சம் மோசமா வெச்சுக்கலாம் அப்போ சரியா வரும்னு விடுறதெல்லாம் அனுபவம் மட்டுமே தர்ற விஷயம்.

அப்புறம் ஸ்பாட்டர். மேல கூரைல நின்னுகிட்டு "வெளிய ஒருத்தன், இன்னும் வெளிய, பின் டயர்கிட்ட, க்ளியர்"ன்னு மூச்சு விடாம சொல்லிட்டே இருப்பாரு. ஏன்னா உள்ள இருக்குறவருக்கு வலது பின்பக்கம் ஒண்ணுமே தெரியாது. இண்டிகார் ஓவல்லயும் ஸ்பாட்டர் உண்டு, எஃப்1ல கிடையாது. ஆனா 40 கார் ரெண்டு ரெண்டா மூணு மூணா 3 மணி நேரத்துக்கு மேல ஒட்டிகிட்டே போறது வேற. அந்த குரல கண்ணா நம்பணும்.


பாயின்ட்ஸ்_பரமு:

எல்லாரும் ரொம்ப அழகா எழுதுறீங்க ஆனா நான் ஒத்துக்க மாட்டேன். மோன்டோயாவுக்கு ஓவல் வரலன்னு சொல்றது அநியாயம். 2009 இண்டியானாபொலிஸ் ரேஸ பாருங்க. 160 லேப்ல 116 லேப் அவருதான் முன்னாடி. பக்கத்துல ஆளே இல்ல. 35 லேப் பாக்கி இருக்கும்போது பிட் ரோட்ல வேகம் தாண்டிட்டாருன்னு பெனால்டி குடுத்தாங்க, 11வதா முடிச்சாரு. வரம்பு 55 மைல், சலுகையோட சேத்து 60, அவரு போனது 60ஐ தாண்டி மயிரிழை. இதுல இன்னொரு கூத்து, எஃப்1லயும் இண்டிகார்லயும் பிட்டுக்குள்ள வரும்போது ஒரு பட்டன அமுக்குனா கார் தானா வேகத்த கட்டிக்கும். நாஸ்கார்ல அந்த பட்டன் கிடையாது, ஸ்பீடோமீட்டரே கிடையாது! இன்ஜின் சுத்துற கணக்க பாத்துதான் வேகத்த புடிக்கணும். அன்னைக்கு ஒரு பட்டன் இருந்திருந்தா இந்த கேள்வியே வந்திருக்காது.

அந்த வருஷம் டல்லடேகால போல் எடுத்தாரு, சேஸுக்கு (சீசன் கடைசில பட்டத்துக்கு மோதுற சுற்று) தகுதி பெற்று சீசன 8வதா முடிச்சாரு. 2007ல புது ஆளுக்கான விருதும் அவருக்குதான். அதுவும் எந்த நேரத்துல போனாரு பாருங்க, 2007லதான் நாஸ்கார் கார் ஆஃப் டுமாரோன்னு புது கார பாதி சீசனுக்கு கொண்டு வந்துச்சு. பழைய காரே இன்னும் பிடிபடாத ஆளு ஒரே வருஷத்துல ரெண்டு விதமான கார கத்துக்கணும். சிப் கனாசி டீம் அப்போ நாஸ்கார்ல முன்வரிசை டீமும் இல்ல, ஹெண்ட்ரிக் மாதிரி பெரிய டீம் கார்ல உக்காந்திருந்தா கதை வேற.

ஃப்ராங்கிட்டிக்கும் ஓட்டத் தெரியாம இல்ல. டல்லடேகால கீழ்நிலை சீரிஸ் ரேஸ்ல கணுக்கால் உடைஞ்சுது, ஜூலைல ஸ்பான்சர் இல்லாம அவரோட காரையே டீம் மூடிருச்சு. திரும்பி வந்து 2009, 2010, 2011னு வரிசையா மூணு இண்டிகார் பட்டம். ஆல்மெண்டிங்கர் சாம்ப் கார்ல (கார்ட்டுக்கு பின்னாடி வந்த பேரு) 2006ல அஞ்சு ரேஸ் ஜெயிச்சுட்டு வந்தவரு, புத்தம் புது ரெட் புல் டீமுல போயி மாட்டுனாரு. அப்போ பாயின்ட்ஸ்ல முதல் 35 டீமுக்கு இடம் உறுதி, மிச்சம் உள்ளவங்க தகுதிச்சுற்றுல அடிச்சுக்கணும், அதனால பல வாரம் ரேஸே ஓட்டாம வீட்டுக்கு போனாரு. ரேஸே ஓட்டாம எப்படி கத்துக்குறது சொல்லுங்க.


நாலாவது_வளைவு:

பரமு அண்ணே, 2009 இண்டியானாபொலிஸ் பத்தி சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா டீம் சரியில்லன்னு சொல்றது 2010ல நிக்காது. அந்த வருஷம் அதே டீமுல பக்கத்து கார் ஓட்டுன மெக்மரே டேடோனா 500 ஜெயிச்சாரு, இண்டியானாபொலிஸ்ல ப்ரிக்யார்ட் 400 ஜெயிச்சாரு. அந்த ப்ரிக்யார்ட்லயும் பெரும்பாலான லேப் மோன்டோயாதான் முன்னாடி. கடைசி பிட்ல இவருக்கு நாலு டயர் மாத்துனாங்க, மெக்மரே ரெண்டு மட்டும் மாத்திட்டு முன்னாடி வந்துட்டாரு. மோன்டோயா கூட்டத்துல சிக்கி, அதுலேர்ந்து மேல வரப் பாத்து, இடிச்சு வெளிய போனாரு.

இதுலதான் எனக்கு விஷயம் இருக்கு. தனியா முன்னாடி ஓடும்போது மோன்டோயாவ அசைக்க முடியாது. காத்து சுத்தமா கிடைக்குது, கார் அவரு சொன்னத கேக்குது, அப்போ அது கிட்டத்தட்ட அவருக்கு பழகுன ரேஸ்தான். கூட்டத்துக்குள்ள விழுந்தா முன்னாடி கார் கலக்கி விட்ட காத்துல முன்பக்கம் புடிக்க மாட்டேங்குது, பக்கத்துல ஒருத்தன் வந்து நின்னாலே அவன் காத்து உங்க ஸ்பாய்லர்ல (பின்பக்க காத்துத் தகடு) பட்டு உங்கள பின்னாடி இழுக்குது. அங்க யாரு கூட சேந்து போகணும், யாரு இப்போ வழி விட்டா அடுத்த தடவை நாம விடணும், எந்த கோடு இன்னும் 15 லேப்ல உயிர் வரும், இதெல்லாம் சின்ன ஊரு மண் ஓவல்ல 15 வயசுலேர்ந்து உருண்டவனுக்கு தானா வரும்.

டோனி ஸ்டூவர்ட் அப்படித்தான். ஐஆர்எல் சாம்பியன்னு ஓபன் வீல் ஆளா எண்ணுறோம், ஆனா அவரு வளந்தது மிட்ஜெட், ஸ்ப்ரின்ட்னு மண் ஓவல்ல ஓடுற சின்ன கார்ல, சறுக்கிகிட்டே ஓட்டுறதுதான் அவரோட தாய்மொழி. கப்புக்கு வர்றதுக்கு முன்னாடி கீழ் சீரிஸ்லயும் நேரம் செலவழிச்சாரு. 1999ல கப்புக்கு வந்த முதல் வருஷமே 3 வெற்றி, அப்புறம் 2002, 2005, 2011 பட்டம். ஹரி, உங்க லிஸ்ட்ல அவரையும் போட்டு பாத்தீங்கன்னா ஓபன் வீல்லேர்ந்து வந்தாரா இல்லையாங்குறது கேள்வியே இல்ல, எந்த ஓபன் வீல்லேர்ந்து வந்தாருங்குறதுதான் கேள்வி.


கோவை_கர்வ்:

நம்மாள விட்டுட்டீங்களே! நரேன் கார்த்திகேயன் 2010ல நாஸ்கார் ட்ரக் சீரிஸ் ஓட்டுனாரு. ஜோர்டான் எஃப்1 கார் ஓட்டுன மனுஷன் பிக்கப் வண்டில மார்ட்டின்ஸ்வில்ல இறங்குனாரு, மேல சொன்ன அதே பேப்பர் கிளிப். அறிமுக ரேஸ்லயே 13வது இடம், அந்த ட்ராக்குக்கு புதுசா வந்தவருக்கு அது சாதாரண விஷயம் இல்ல. அந்த வருஷம் ட்ரக் சீரிஸ்ல ரசிகர்கள் ஓட்டு போட்டு குடுக்குற மோஸ்ட் பாப்புலர் டிரைவர் விருதும் அவருக்குதான், ஓட்டு எங்கேர்ந்து குவிஞ்சிருக்கும்னு நான் சொல்லித்தான் தெரியணுமா 😄

சீரியஸா ஒண்ணு. எஃப்1லேர்ந்து வந்து ஓவல்ல ஜெயிச்சவரு இருக்காரு, நெல்சன் பிக்கே ஜூனியர். நேரா கப்புக்கு குதிக்காம ட்ரக்லேர்ந்து மெதுவா ஆரம்பிச்சாரு, 2012ல மிச்சிகன், லாஸ் வேகாஸ் ரெண்டு ஓவல்லயும் ட்ரக் ரேஸ் ஜெயிச்சாரு. ஹார்னிஷும் கப்ல அடி வாங்குன பிறகு ஒரு படி கீழ போய்தான் ரேஸ் ஜெயிச்சாரு, 2013ல அந்த சீரிஸ் பட்டத்த வெறும் 3 பாயின்ட்ல விட்டாரு. அதனால முடியாதுன்னு இல்ல, பெரிய பேரு இருந்தா ஸ்பான்சர் நேரா மாடிக்கே ஏணி போட்டு குடுத்துர்றான், அதான் வினை.


ஹேர்பின்_ஹரி:

ஆஹா, இவ்ளோ வரும்னு நெனைக்கல, எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி உக்காந்து 2009 இண்டியானாபொலிஸ் ரேஸ தேடிப்புடிச்சு பாத்தேன், பெனால்டி சொன்ன இடத்துல மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு, முடிவு தெரிஞ்சே பாத்தும். ஆனா அதுக்கப்புறம் அவரு பின்வரிசைலேர்ந்து மேல வர்ற கஷ்டத்தத்தான் உன்னிப்பா பாத்தேன். முன்னாடி இருந்தப்போ காலடில ரயில் தண்டவாளம் இருந்த மாதிரி போன கார், கூட்டத்துல ஒவ்வொரு வளைவுலயும் சுவரு பக்கமா ஒதுங்குது. நாலாவது வளைவு சொன்னது கண்ணுக்கே தெரிஞ்சுது. சேகர் அண்ணே, அந்த தாத்தா கண்ண மூடி கேட்டது மட்டும் இன்னும் மண்டைல நிக்குது.

ஒரு சின்ன சந்தேகம், இப்போ 2022லேர்ந்து வந்த புது கார்ல பின்னாடி தனித்தனி சஸ்பென்ஷன், சீக்வென்ஷியல் கியர், அடில கார தரையோட அழுத்துற டிஃப்யூசர்னு எல்லாம் மாறிருச்சே, இப்போ வர்றவங்களுக்கு ஈஸியா?


நாலாவது_வளைவு:

ரோட் கோர்ஸ்ல ஈஸிதான், பிரேக்கும் கியரும் இப்போ அவங்களுக்கு பழகுன மாதிரி. ஓவல்ல அப்படி சொல்ல மாட்டேன். பழைய கார் பக்கவாட்டுல சாஞ்சா அந்த பெரிய உடம்பு காத்த புடிச்சு கொஞ்சம் தாங்கும், காப்பாத்த நேரம் கிடைக்கும். புது கார்ல அந்த தாங்கல் கம்மி, டயர் பக்கச்சுவரும் சின்னது, ஒரு அளவ தாண்டுனா பட்டுனு சுத்திரும். அது போக இப்போ ப்ராக்டிஸ் நேரமே ரொம்ப சுருங்கிருச்சு. மோன்டோயா காலத்துல முன்கூட்டியே டெஸ்ட் பண்ண முடிஞ்சுது, கப்புக்கு முன்னாடி 2006ல ஆர்கா (கீழ்நிலை ஸ்டாக் கார் தொடர்) ரேஸ் ஓட்டியும் பழகுனாரு. இப்போ புதுசா வர்றவரு வாரக்கடைசில 20, 25 நிமிஷத்துல மூணு நோயையும் கண்டுபுடிக்கணும்.

நீங்க சிமுலேட்டர் வெச்சிருக்கீங்களா? இருந்தா வாங்க, ஞாயித்துக்கிழமை ராத்திரி நாங்க ஒரு பத்து பேரு மார்ட்டின்ஸ்வில் ஓட்டுறோம். ஃபிக்ஸ்ட் செட்டப்தான், நோண்டுறதுக்கு ஒண்ணுமில்ல. ஃப்ரெண்டையும் கூட்டிட்டு வாங்க.


ஹேர்பின்_ஹரி:

வீல் இருக்கு, பெடல்தான் பழசு. அவன்கிட்ட சொல்லிட்டேன், "10 லேப்ல ஜெயிச்சு காட்றேன்"னு சொல்லிருக்கான் 😂


நாலாவது_வளைவு:

10 லேப்ல ஜெயிப்பாரு. ரேஸ் 100 லேப்.